காற்றை எதிர்கொள்ளும் கால்கள்

நுழையும்முன்

பள்ளிக்கும் கடைக்கும் வேலைக்கும் செல்லப் பயன்படும் எளிய ஊர்தி மிதிவண்டி. அதுவே சிலருக்கு வாழ்க்கைத் தொழிலாகவும் அமைகிறது. சாலையிலும் சாய்ந்த ஓடுதளத்திலும் மிதிவண்டி செலுத்திப் புகழ்பெறும் வீரர் எவ்வாறு உருவாகிறார்? அவருடைய வெற்றியில் யார் யாருக்குப் பங்குண்டு? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

சமவெளி நகரமும் மிதிவண்டியும்

புதுச்சேரி, மேடுபள்ளம் குறைந்த கடற்கரை நகரம். அதன் பழைய பகுதியில் தெருக்கள் கோடு கிழித்தாற்போல் நேராக ஓடி ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. மிதிவண்டிக்கென்றே அமைந்தது போன்ற நிலம் அது. வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் முதலிய ஊர்களிலிருந்து நகரத்திற்கு வேலை தேடி வந்த உழைப்பாளிகளுக்கு மிதிவண்டி கால்களின் நீட்சியாக விளங்கியது. இன்றும் நகரத்தைச் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்ப் பயணிகள் வாடகை மிதிவண்டியை நாடுகின்றனர்.

தமிழகத்திலும் மிதிவண்டியின் செல்வாக்குப் பெரியது. 1949ஆம் ஆண்டு சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியபின் இம்மண்ணிலேயே மிதிவண்டிகள் பெருமளவில் உருவாயின. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. தமிழக அரசு, பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. இவ்வாறு ஊர்தோறும் மிதிவண்டி இருந்தும், அதையே தொழிலாகக் கொண்ட வீரர்கள் நம்மிடையே மிகச் சிலரே. ஊர்தியாக எளிதில் கிடைத்த ஒன்று தொழிலாக மாற வேண்டுமானால் வேறு பல துணைகள் தேவைப்படுகின்றன. அவை எவை என்பதை அறிய, முதலில் காற்றைப் பற்றி அறிய வேண்டும்.

காற்றின் கணக்கு

பிற்பகலில் கடற்காற்று எழும் வேளையில் புதுச்சேரியின் கடற்கரையை நோக்கி மிதிவண்டியில் செல்பவர், கண்ணுக்குத் தெரியாத சுவரொன்று தம்மைத் தடுப்பதாக உணர்வார். காற்று வீசாத நேரத்திலும் அந்தச் சுவர் இருக்கத்தான் செய்கிறது. வேகம் கூடக்கூட அது தடிக்கிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்புவிசை நான்கு மடங்காகும். அவ்விசையை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்காகும். சமதளச் சாலையில் விரைந்து செல்லும் வீரரின் உழைப்பில் பெரும்பகுதி, காற்றைத் தள்ளுவதிலேயே கழிகிறது. வீரர்கள் முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வது இதனால்தான்.

முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை நெருங்கிப் பின்தொடர்பவருக்கு இந்தச் சுமை குறைகிறது. முன்னவர் காற்றைப் பிளந்து செல்ல, அவருக்குப் பின்னால் சிறிய காற்று மறைவு உண்டாகிறது. அம்மறைவில் செல்பவர் தமது உழைப்பில் ஏறத்தாழக் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சப்படுத்தலாம். வானில் பறவைகள் அணிவகுத்துப் பறப்பதை ஒத்த உத்தி இது. மிதிவண்டிப் பந்தயத்தின் தந்திரங்கள் பெரும்பாலும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறந்தவை. தனிமரம் தோப்பாகாது என்னும் பழமொழி இவ்விளையாட்டிற்கு முற்றிலும் பொருந்தும்.

சாலையில் பிறந்த தொழில்

மிதிவண்டிப் பந்தயம் ஒரு தொழிலாக வளர்ந்ததில் பிரான்சு நாட்டிற்குப் பெரும்பங்கு உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த 1903ஆம் ஆண்டு, 'லோட்டோ' என்னும் பாரிசு நாளிதழ் தனது விற்பனையைப் பெருக்குவதற்காக நாட்டைச் சுற்றிவரும் பந்தயமொன்றை அறிவித்தது. அதுவே 'தூர் த பிரான்சு' எனப்படும் பிரான்சு சுற்றுப் பந்தயம். ஆறு கட்டங்களில் 2428 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க 60 வீரர்கள் புறப்பட்டனர். இறுதிவரை சென்றவர்கள் 21 பேர். வென்றவர் மொரீசு காரன். இளமையில் புகைபோக்கிகளைத் துடைக்கும் வேலை செய்தவர் அவர். வறுமையிலிருந்து மீள மிதிவண்டி ஒரு வழியாகும் என்பதை அவருடைய வாழ்வு பலருக்கு உணர்த்தியது.

பிரெஞ்சு ஆளுகைக்கு உட்பட்டிருந்த பிற நாடுகளிலிருந்தும் வீரர்கள் அப்பந்தயத்தை நாடினர். துனிசியா நாட்டு அலி நெஃபாத்தி 1913ஆம் ஆண்டு அதில் பங்கேற்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அப்பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் வீரர் அவரே.

இன்று இப்பந்தயம் 21 கட்டங்களையும் ஏறத்தாழ 3400 கிலோமீட்டர் தொலைவையும் கொண்டது. ஆண்டுதோறும் பெரும்பாலும் சூலை மாதத்தில் நடைபெறுகிறது. அணிக்கு எட்டு வீரர்கள் இடம்பெறுவர். அவர்களுள் ஒருவர் தலைமை வீரர். மற்றவர்கள் அவருக்காகக் காற்றைத் தாங்குவர். பின்தொடரும் வண்டியிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைப் பெற்று வந்து தருவர். தலைமை வீரரின் சக்கரம் பழுதுபட்டால் தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்கவும் தயங்கார். இவர்களைப் பிரெஞ்சு மொழியில் 'தொமெஸ்தீக்' என்று குறிப்பிடுவர். பணியாள் என்பது அதன் பொருள். பரிசுத்தொகையை அணியினர் பகிர்ந்துகொள்வது வழக்கம். வெற்றி மேடையில் ஒருமுறையும் ஏறாமலேயே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மதிப்போடு தொழில் நடத்தி ஓய்வு பெறுபவர்கள் இவர்களுள் பலர்.

சாய்ந்த ஓடுதளம்

சாலைப் போட்டிக்கு இணையான மற்றொரு பிரிவு ஓடுதளப் போட்டி. இதற்கான அரங்கு வெலோட்ரோம் எனப்படும். ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறும் வெலோட்ரோமில் ஒரு சுற்றின் நீளம் 250 மீட்டர். வளைவுகளில் ஓடுதளம் 40 பாகைக்கும் மேலாகச் சாய்ந்திருக்கும். விரைந்து வரும் வண்டி வளைவில் வெளியே வீசி எறியப்படாமல் இருக்க இச்சாய்வு துணைசெய்கிறது. ஓடுதள மிதிவண்டிக்குத் தடை கிடையாது. பல்சக்கரம் பின்சக்கரத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால் சக்கரம் சுழலும்வரை மிதிகட்டைகளும் சுழன்றுகொண்டே இருக்கும். கால்களுக்கு ஒரு நொடியும் ஓய்வில்லை.

ஓடுதளப் போட்டிகள் பலவகைப்படும். இருவர் மோதும் விரைவோட்டம், நால்வர் சேர்ந்து 4 கிலோமீட்டர் செல்லும் அணித் துரத்தல் ஆகியன அவற்றுள் சில. 1948ஆம் ஆண்டு ஜப்பானில் தோன்றிய கெய்ரின், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இதில் விசைவண்டி ஒன்று முன்னே சென்று வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும். அது விலகியபின் வீரர்கள் முழுவேகத்தில் பாய்வர்.

ஆடவர் அணி விரைவோட்டம் தனிச்சிறப்பு உடையது. மூவர் ஒருவர்பின் ஒருவராகப் புறப்படுவர். முதல் சுற்று முழுவதும் காற்றைத் தாங்கிய முதலாமவர் மேலே விலகிக்கொள்வார். இரண்டாம் சுற்றின் முடிவில் இரண்டாமவர் விலகுவார். மூன்றாம் சுற்றை மூன்றாமவர் மட்டுமே ஓடி முடிப்பார். இறுதிக் கோட்டைக் கடப்பவர் ஒருவர். பதக்கம் மூவருக்கும் உண்டு. விலகிச் சென்றவரின் உழைப்பும் வெற்றியின் பகுதியே என்பதை விளையாட்டின் விதியே ஏற்றுக்கொள்கிறது.

இரு களங்களில் ஒரு வாழ்க்கை

ஓடுதளத்தில் சில நொடிகளில் முடியும் பாய்ச்சலும் உண்டு. சாலையில் மூன்று வாரம் நீளும் பொறுமையும் உண்டு. இரண்டிலும் சிறந்து விளங்குவது அரிது. அவ்வாறு விளங்கியவர்களுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த பிராட்லி விக்கின்ஸ். 2004, 2008 ஒலிம்பிக் போட்டிகளில் ஓடுதளத்தில் தங்கம் வென்ற அவர், பின்னர்ச் சாலையின்மீது கவனத்தைத் திருப்பினார். உடல் எடையைக் குறைத்து, மலையேற்றப் பயிற்சியில் ஈடுபட்டு, 2012ஆம் ஆண்டு பிரான்சு சுற்றுப் பந்தயத்தை வென்றார். அதே ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் சாலை நேர ஓட்டத்திலும் தங்கம் பெற்றார். 2015இல் ஒரு மணி நேரத்தில் 54.526 கிலோமீட்டர் கடந்து அன்றைய உலகச் சாதனையைப் படைத்தார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடுதளத்திற்குத் திரும்பி, அணித் துரத்தலில் மீண்டும் தங்கம் வென்றார்.

2012ஆம் ஆண்டின் அப்பந்தயத்தில் மலைப்பாதைகளில் விக்கின்ஸுக்குத் துணையாக முன்னே சென்றவர், அவருடைய அணியைச் சேர்ந்த கிறிஸ் ஃபுரூம். ஃபுரூம் அவ்வாண்டு இரண்டாமிடம் பெற்றார். அடுத்த ஆண்டு அவரே தலைமை வீரராகி அப்பந்தயத்தை வென்றார். பிறருக்காகக் காற்றைத் தாங்கும் பருவம் ஒரு வீரரின் வளர்ச்சியில் கற்கும் பருவமும் ஆகும்.

இத்தொழிலில் வழுவுதலும் உண்டு. பிரான்சு சுற்றுப் பந்தயத்தைத் தொடர்ந்து ஏழுமுறை வென்றதாகப் போற்றப்பட்ட அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்துகளைப் பயன்படுத்தியதற்காக 2012ஆம் ஆண்டு அப்பட்டங்கள் அனைத்தையும் இழந்தார். ஒருவர் ஊக்கமருந்தால் வெல்லும்போது, நேர்மையாக உழைத்தவர்களின் இடமும் களவாடப்படுகிறது.

தீவிலிருந்து தலைநகருக்கு

இந்தியாவில் இத்தொழிலின் கதை வேறுவிதமாக அமைந்தது. 1948இல் இலண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1964இல் டோக்கியோவிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய மிதிவண்டி வீரர்கள் பங்கேற்றனர். அதற்குப் பின்னர், 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக் வரை ஒருவரும் இப்பிரிவில் தகுதிபெறவில்லை. கோடிக்கணக்கானோர் மிதிவண்டி ஓட்டும் நாட்டில் அறுபது ஆண்டு இடைவெளி! கால்களின் வலிமைக் குறைவே இதற்குக் காரணம் என்று கூற முடியாது என்பதை அண்மைக்கால வீரர்கள் மெய்ப்பித்துள்ளனர்.

2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலில் எழுந்த ஆழிப்பேரலை புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம் கடற்கரைகளைத் தாக்கியது. அதே அலை கார் நிக்கோபார் தீவையும் சூறையாடியது. அங்கு உயிர்தப்பியவர்களுள் ஒருவர் ஒன்பது வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்டு. அவர் பின்னர் மிதிவண்டிப் பயிற்சியில் ஈடுபட்டு, டெல்லியிலுள்ள இந்திரா காந்தி விளையாட்டரங்கின் வெலோட்ரோமில் பயிற்சி பெற்றார். 2015ஆம் ஆண்டு மகளிருக்கான 500 மீட்டர் நேர ஓட்டத்தின் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தை எட்டினார்.

அவரைப் போன்றே அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து வந்தவர் எசோ ஆல்பன். 2018ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகரில் நடந்த இளையோர் உலக ஓடுதளப் போட்டியில் கெய்ரின் பிரிவில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். அடுத்த ஆண்டு செர்மனியின் பிராங்க்பர்ட் (ஓடர்) நகரில் நடந்த போட்டியில், மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோரும் எசோ ஆல்பனும் இணைந்த இந்திய அணி, அணி விரைவோட்டத்தில் தங்கம் வென்றது. 2022ஆம் ஆண்டு டெல்லியில் நடந்த ஆசிய ஓடுதளப் போட்டியின் முதியோர் பிரிவில், ரொனால்டோ சிங் தனிநபர் விரைவோட்டத்தில் வெள்ளி பெற்றார்.

இவர்கள் எல்லாரும் பெருநகரங்களிலிருந்து வெகு தொலைவில் பிறந்தவர்கள். 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளுக்காக டெல்லியில் மரத்தாலான பன்னாட்டுத் தர ஓடுதளம் அமைக்கப்பட்டது. அதனைச் சார்ந்து தங்குமிடமும் உணவும் பயிற்சியாளரும் கிடைத்தபோது, அதுவரை வெளிப்படாதிருந்த ஆற்றல் பத்தாண்டுக்குள் உலக மேடையேறியது.

தொழிலும் பிழைப்பும்

மிதிவண்டி வீரரின் வாழ்க்கை பொதுவாகப் பதின்பருவத்தில் தொடங்கி முப்பத்தைந்து வயதையொட்டி முடிவடைகிறது. இளையோர் பிரிவு 18 வயதோடு முடிகிறது. அதன்பின் முதியோர் பிரிவில் உலகின் தலைசிறந்த வீரர்களோடு போட்டியிட வேண்டும். பலர் விளையாட்டைக் கைவிடுவது இந்தத் திருப்பத்தில்தான். படிப்பைத் தொடர்வதா, வேலைக்குச் செல்வதா, பயிற்சியில் நிலைப்பதா என்னும் கேள்வி அப்போது எழுகிறது. ஐரோப்பாவில் திறமையான இளைஞருக்குத் தொழில்முறை அணிகள் ஊதியம் வழங்குகின்றன. இந்தியாவில் அந்த இடத்தைப் பெரும்பாலும் இரயில்வே, இராணுவம் முதலிய துறைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைவாய்ப்புகள் நிரப்புகின்றன. ஒரு பதக்கம் ஒரு குடும்பத்திற்கு நிலையான வருவாயாக மாறுவது இவ்வழியில்தான்.

செலவும் சிறியதன்று. பன்னாட்டுப் போட்டிக்குரிய கார்பன் இழை மிதிவண்டியின் விலை இலட்சக்கணக்கில் அமைகிறது. சக்கரம், உருளிப்பட்டை, தலைக்கவசம், சத்துணவு எனச் செலவுகள் தொடர்கின்றன. சாலையில் பயிற்சி பெறுவோருக்கு வேறோர் அச்சமும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற அகன்ற சாலைகளில் பேருந்துகளும் சரக்குந்துகளும் விரையும் நேரத்தில் மிதிவண்டிக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. ஆதலால் போக்குவரத்துக் குறைந்த விடியற்காலையையே அவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஓடுதளம் இருக்குமிடத்தில் இந்த அச்சம் இல்லை. வெலோட்ரோம் என்பது பதக்கத்திற்கான அரங்கு மட்டுமின்றி, இளம் வீரர்களுக்கான பாதுகாப்பும் ஆகும்.

கிழக்குக் கரையின் எதிர்காலம்

சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் மிதிவண்டி ஓடுதளம் உள்ளது. 2024ஆம் ஆண்டு சனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளின் ஓடுதள மிதிவண்டிப் போட்டிகள் அங்கு நடத்தப்பட்டன. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளில் வாழும் ஒரு மாணவிக்கோ மாணவருக்கோ, டெல்லியை விட அண்மையில் ஒரு களம் இருக்கிறது.

ஆனால், களம் மட்டும் போதாது. பள்ளிக்கு அன்றாடம் மிதிவண்டியில் வரும் மாணவரின் ஆற்றலைக் கண்டறியும் ஆசிரியர் வேண்டும்; அவரைப் பயிற்சியாளரிடம் சேர்க்கும் பெற்றோர் வேண்டும்; பதினெட்டு வயதுக்குப் பின்னும் பயிற்சியைத் தொடர உதவித்தொகையும் வேலையும் வேண்டும். காற்றைத் தாங்கி முன்னே செல்லும் வீரரைப் போல, இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சுற்று முன்னே சென்று விலகிக்கொள்பவர்கள். இறுதிக் கோட்டில் தெரியும் முகம் ஒன்றே ஆயினும், அதைக் கடக்கும் வேகத்தில் இவர்கள் அனைவரின் உழைப்பும் கலந்திருக்கிறது.

அலை சூழ்ந்த தீவிலிருந்து ஒரு சிறுமி உலகத் தரவரிசையின் நான்காம் இடம்வரை செல்ல முடிந்தது. அத்தகைய கால்கள் கிழக்குக் கரையின் ஊர்களிலும் அன்றாடம் மிதிவண்டி மிதித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றிற்கு முன்னே சிறிது தொலைவு காற்றைத் தாங்கிச் செல்வது சமூகத்தின் கடமை.